படத்தில் சிரித்தவள்

கிளாரின் கிட்டென்ஸைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் அவள் சிரிப்பைத்தான் சொல்ல வேண்டும். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. அதன் வழியாக அவள் சீட்டியடித்தால் தெருக்கோடியில் போகிற நாய் திரும்பிப் பார்க்கும். லண்டன் பஸ் வேலைக்கு ஆள் எடுக்க வெள்ளைக்காரர்கள் எங்கள் தீவின் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் வந்து உட்கார்ந்தபோது, வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கூட்டல் கழித்தல் பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு, பிள்ளை உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் வீட்டில் ஒரு பெண் குழந்தை அப்போதுதான் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற பாதிப் பேருக்கு அது தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைக்காரிகளை எடுக்க மாட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. இன்னொருத்தி பிழைப்பில் மண்ணைப் போடுகிற பழக்கம் எங்கள் தீவில் கிடையாது. அதாவது, முகத்துக்கு நேரே கிடையாது.

குழந்தையின் பெயர் மார்வா. அப்பன்காரன் ஃபுளோரிடாவுக்குக் கரும்பு வெட்டப் போனவன், போனவன்தான். கிளாரினின் அக்கா ஈனிட் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. ரெண்டே வருஷம் பொறுத்துக்கொள் அக்கா, ஒரு ரூம் பார்த்ததும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளாரின் கப்பலேறினாள். அந்தக் கப்பலில் இருந்த எல்லாருமே ஏதோ ஒரு வருஷக் கணக்கை யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் ஏறியிருந்தோம்.

அவளைக் கண்டக்டராகப் போட்டார்கள், என்னைக் கேன்டீனில் போட்டார்கள். டிப்போவுக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. எங்களால்தான் அந்த ஆள் பிழைத்தான். சீருடை கைக்கு வந்த அன்றைக்கே, புதுக் காலர் கழுத்தை அறுக்க அறுக்க, அங்கே போய் நிற்போம். ஊருக்கு அனுப்புகிற முதல் படம் சீருடையில்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கே வந்து யார் வீட்டையோ பெருக்குகிறோம் என்று நினைத்துவிடுவார்கள். சட்டி கழுவுகிற நானே கிளாரினின் கோட்டையும் தொப்பியையும் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாரின் நெஞ்சில் டிக்கெட் மெஷினும் இடுப்பில் தோல் பையுமாக நின்று, கன்னம் உப்ப, பல் சந்து தெரியச் சிரித்தாள். அந்தப் படம் ஈனிட் வீட்டுச் சுவரில் ஏறியது. அந்த பஸ்ஸே கிளாரினுடையதுதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். ஈனிட் அதை மறுக்கவே இல்லை.

மார்வா தூங்கப் போகும்போது அந்தப் படத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போவாளாம். உன் அம்மா எங்கே என்று யாராவது கேட்டால் சுவரைக் காட்டுவாளாம். ஈனிட் எழுதியிருந்ததைக் கிளாரின் கேன்டீனில் எனக்குப் படித்துக் காட்டிப் பூரித்துப் போனாள். எனக்கு என்னவோ போல் இருந்தது.

ரெண்டு வருஷம் என்றது எட்டாகிவிட்டது. கறுப்பர்களுக்கு இடமில்லை என்று ஒரு வீட்டில் சொல்வார்கள். கறுப்பர்கள் பரவாயில்லை, குழந்தை கூடாது என்று அடுத்த வீட்டில் சொல்வார்கள். கதவைத் தட்டித் தட்டியே கிளாரினின் கையுறை கிழிந்தது. வருஷா வருஷம் ஈனிட் மார்வாவின் பாதத்தைப் பழைய பேப்பரில் வைத்து வரைந்து, வெட்டி அனுப்புவாள். அந்த அளவுக்குக் கிளாரின் ஷூ வாங்கி கிறிஸ்துமஸ் பார்சலில் போடுவாள். பார்சல் போய்ச் சேருவதற்குள் பிள்ளையின் கால் வளர்ந்துவிடும். ஆனாலும் அவள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அதைத்தான் போட்டுக்கொள்வாளாம், நொண்டிக்கொண்டே.

இந்த எட்டு வருஷத்தில் கிளாரினும் மாறிப்போனாள். இரண்டு மாடி பஸ்ஸில் படியேறி இறங்கி உடம்பு பாதியானது. ஒரு குளிர்காலத்தில் பல்வலி வந்து உயிரை எடுத்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவஸ்தைப்படுவானேன், மேல்வரிசையை மொத்தமாக எடுத்துவிடலாம் என்றார் பல் டாக்டர். அந்தக் காலத்தில் இங்கே வெள்ளைக்காரிகளே கல்யாணத்துக்கு முன்னால் பல்லையெல்லாம் எடுத்துவிட்டுக் கட்டுப்பல் வைத்துக்கொள்வார்கள். அதனால் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. புதுப் பல் வந்தது. வெள்ளை வெளேரென்று, அடுக்கி வைத்தது போல், சந்தே இல்லாமல். அவளுக்குப் பெருமைதான். ஆனால் சீட்டி போய்விட்டது. இதையெல்லாம் அவள் ஊருக்கு எழுதவில்லை. புதுப் படமும் எடுத்து அனுப்பவில்லை. போட்டோவுக்கு நிற்கிற முகம் இப்போது இல்லை என்பாள்.

கடைசியில் பிரிக்ஸ்டனில் ஒரு வீட்டுக்காரி மனசு வைத்தாள். மார்வா புறப்படுகிறாள் என்று தந்தி வந்ததிலிருந்து கிளாரினுக்குத் தலைகால் புரியவில்லை. நர்ஸ் வேலைக்கு வருகிற பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி துணை. சவுதாம்ப்டன் வரை கப்பல், அங்கிருந்து வாட்டர்லூவுக்கு ரயில். கிளாரின் டூட்டியை மாற்றிக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினாள். சிவப்புக் கோட்டு ஒன்றும் இறகு வைத்த தொப்பி ஒன்றும் வாங்கிவந்தாள். எதற்கடி இவ்வளவு ஆடம்பரம் என்று கேட்டேன்.

"புள்ள என்ன மொதமொதல்ல பாக்கறப்ப கொஞ்சம் அழகா இருக்க வேணாமா மெர்டில்? எட்டு வருஷமா இந்த நீலச் சாக்கத்தானே மாட்டிக்கிட்டுத் திரியறேன்."

அதுவும் சரிதான் என்று எனக்கும் பட்டது. தொப்பியை நேராக வைத்துவிட்டதே நான்தான்.

ரயில் வந்து நின்று கூட்டம் கொட்டியது. பெட்டிகளும் கூடைகளும் ரம் பாட்டிலைச் சுற்றிய போர்வைகளும். அதற்கு நடுவே துணைக்கு வந்த நர்ஸ் பெண் தன் டிரங்குப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ரிப்பன் கட்டிய சடைகளோடு, சின்ன ஷூவில் காலைத் திணித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை நொண்டியபடி வந்தது. யாரும் சொல்லாமலே தெரிந்தது. அந்தக் கன்னம், அந்தப் பல் சந்து, எல்லாம் அச்சு அசல் கிளாரின். கிளாரின் கையை அகல விரித்தாள். பிள்ளை அந்தச் சிவப்புக் கோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, வழியில் நிற்கிற விளக்குக் கம்பத்தைத் தாண்டுவது போல் தாண்டிப் போனது.

எங்களுக்குச் சற்றுத் தள்ளி வேறு டிப்போ கண்டக்டர் ஒருத்தி நின்றிருந்தாள். எங்களைப் போலவே தீவுக்காரி, டொமினிக்காவிலிருந்து வந்தவள். தம்பியை அழைத்துப் போக டூட்டியிலிருந்து நேராக வந்திருந்தாள், அதே நீலக் கோட்டு, அதே தொப்பி, அதே பேட்ஜ். மார்வா ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் முகத்தைப் புதைத்து, "அம்மா, நான் மார்வா" என்றாள்.

அந்தப் பெண் திடுக்கிட்டுத்தான் போனாள். ஆனால் அவள் கை தானாகவே இறங்கிப் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது பிடித்தபடி கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு எங்களைப் பார்த்து, ஊரில் தனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்பது போல் சொன்னாள். மார்வாவின் தோளைப் பிடித்துத் திருப்பி, அந்தச் சிவப்புக் கோட்டுதான் உன் அம்மா என்று காட்டினாள்.

கிளாரின் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். பிள்ளை அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. இதுதாண்டி உன் அம்மா என்று நர்ஸ் பெண்ணும் சொன்னாள், நானும் சொன்னேன். எங்கள் ஊரில் பாசமாக இருக்கிற பெரியம்மா சித்தி எல்லாருமே, நான்தான் உன் அம்மா என்று பிள்ளைகளிடம் சொல்வதுதான். ஈனிடே சொல்லியிருப்பாள். மார்வா மரியாதையாக, சொல்லிக் கொடுத்தபடி, "குட் ஆஃப்டர்நூன், ஆன்ட்டி" என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த ஆன்ட்டி. பிள்ளை ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. சோள மாவும் வெண்டைக்காயும் போட்டு ஊர் மாதிரியே கூகூ கிளறி, கோலா மீன் கிடைக்காமல் வேறு ஏதோ மீனைப் பொரித்து வைத்தாள் கிளாரின். மார்வா சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்து, தேங்க் யூ ஆன்ட்டி என்றாள். கட்டிலின் ஓரத்தில், விருந்தாளி மாதிரி, சுவரோடு ஒட்டிப் படுத்தாள். பெட்டியிலிருந்து ஒரு துணியைக்கூட அலமாரியில் எடுத்து வைக்கவில்லை. உடுத்தித் துவைத்து மடித்துத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் ரூமுக்குப் போனேன். கிளாரினுக்கு அன்று லீவு. கதவைத் திறந்தால் அவள் முழுச் சீருடையில், தொப்பியோடு, டிக்கெட் மெஷினை மாட்டிக்கொண்டு அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி கோலம் இது? வாணலிக்கு டிக்கெட் குடுக்கப் போறியா?" என்றேன்.

"இப்படிப் பாத்தாலாவது புரியுமான்னு பாக்கறேன்" என்றாள் திரும்பாமலே.

மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மார்வா தலையைத் தூக்கி, ஆன்ட்டிக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டதா என்று அக்கறையாக விசாரித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கிளாரினின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். கோட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, இன்ஸ்பெக்டர் அவளை எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டதுதான் மிச்சம்.

அவளுடைய பஸ்ஸை ஓட்டுகிற டிரைவர் வெண்டெல் யார்ட், எங்கள் தீவுக்காரன், எதையும் கேலியாக்குகிறவன். அவளை மகாராணி என்றுதான் கூப்பிடுவான். அவனே கேலியை நிறுத்திவிட்டான். கேன்டீனில் கிளாரின் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஏறுற ஆளோட மூஞ்சியப் பாத்தே எந்த ஸ்டாப்புல எறங்குவான்னு சொல்லிருவேன் மெர்டில். என் வயித்துல பொறந்தது என்ன நெனைக்குதுன்னு எனக்குத் தெரியலடீ."

ஈனிடிடமிருந்து கடிதம் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை, கை மறந்துபோய் இன்னும் பிள்ளைக்கும் ஒரு தட்டு வைக்கிறேன், உனக்குப் புண்ணியமாகப் போகும், பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடு என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்று கிளாரின் அழவில்லை. கோபமாகத்தான் பேசினாள். ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் ஒரே ஒரு தடவை அம்மா என்று கூப்பிடாவிட்டால் கப்பலேற்றிவிடுவேன், அக்காவாவது பிழைத்துப் போகட்டும் என்றாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த நாள் மத்தியானம் கப்பல் கம்பெனி வாசலில் அவள் நின்றிருந்ததை வெண்டெல் பார்த்திருக்கிறான்.

ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சாயங்காலம், பாத்திரம் அலம்பிக்கொண்டிருந்த என்னைப் போனுக்குக் கூப்பிட்டார்கள். பிரிக்ஸ்டன் வீட்டுக்காரி. பள்ளிக்கூடம் விட்டு நேரமாகியும் மார்வாவைக் காணோமாம், ரூமில் அவள் பெட்டியும் இல்லையாம். ஏப்ரனோடு ரோட்டுக்கு ஓடி நின்றேன். கிளாரினின் பஸ் வந்தது. பின்படியில் நின்றிருந்த அவள் என் ஏப்ரனைப் பார்த்ததுமே, மார்வாவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என்னை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு மணியை அடித்தாள்.

பஸ்ஸை நடுவில் விட்டுவிட்டு ஓட முடியாது. சீட்டைக் கிழித்துவிடுவார்கள். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழி இருந்தது. எதிரே வருகிற பஸ்ஸோடு உரசுகிற மாதிரி கொண்டுபோய் நிறுத்தி, டிரைவரோடு டிரைவர் ஜன்னல் வழியாகப் பேசிக்கொள்வார்கள். எங்கே ரோடு அடைப்பு, எங்கே இன்ஸ்பெக்டர் ஒளிந்திருக்கிறார் என்ற சேதியெல்லாம் அப்படித்தான் ஊர் சுற்றும். வெண்டெல் எதிரே வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்தினான். பின்னால் காரெல்லாம் ஹாரன் அடித்துத் திட்ட, பச்சைக் கோட்டு, ரிப்பன் சடை, கிளாரினோட பொண்ணு என்று சொன்னான். அவர்கள் அவர்களுக்கு எதிரே வந்தவர்களிடம் சொன்னார்கள். கறுப்பன் வெள்ளைக்காரன் என்ற பேதமில்லாமல் அன்றைக்கு அந்த ரோட்டில் ஓடிய அத்தனை பஸ்ஸும் மார்வாவைத் தேடின. இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

கிளாரின் பின்படியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு சந்திலும் மகள் பெயரைக் கத்தினாள். ஸ்டாப் வந்தால் கை பழக்கத்தில் மணியடித்தது. டிக்கெட் வேண்டாமா என்று கேட்ட ஒரு கிழவரிடம், வேண்டாம் ஐயா, பேசாமல் உட்காருங்கள் என்றேன். அவள் திட்டியது எல்லாம் தன்னைத்தான். நான்தானே இல்லைன்னு தலையாட்டினேன், நான்தானே ஆட்டினேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கென்னிங்டன் தாண்டியதும் எதிரே வந்த பஸ்ஸில் தொப்பை பெருத்த வெள்ளைக்கார டிரைவர் ஒருவர் கையை ஆட்டி நிறுத்தினார். அவருடைய கண்டக்டர் கீழே குதித்து ஓடிவந்தான். ஒரு பெண்பிள்ளை ஏறியதாம், கண்டக்டராக இருக்கிற அம்மாவைக் கூப்பிடப் போகிறேன் என்றதாம், யாரோ கண்டக்டர் பிள்ளை என்று டிக்கெட்கூட வாங்காமல் வாட்டர்லூ பக்கம் இறக்கிவிட்டானாம். தான் செய்தது தப்பா என்று அந்தப் பையன் கேட்டான். வெண்டெல் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"நீ போ மகாராணி. பஸ் ரிப்பேர்னு சொல்லிக்கறேன்" என்றான்.

ஓடினோம். எனக்கு ஓடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. வாட்டர்லூவில், அன்றைக்கு ரயில் வந்து நின்ற அதே பிளாட்பாரத்து வாசலுக்கு எதிரே ஒரு பெஞ்சில் மார்வா உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கோட்டின் பொத்தானெல்லாம் போட்டிருந்தாள். காலில் கிளாரின் இங்கே வாங்கிக் கொடுத்த நல்ல ஷூ இல்லை. ஊரிலிருந்து போட்டுவந்த அந்தச் சின்ன ஷூ. பெட்டி பக்கத்தில் இருந்தது.

கிளாரினைப் பார்த்ததும் அவள் பயப்படவில்லை. சங்கடப்பட்டாள்.

"சாரி ஆன்ட்டி. சொல்லாம வந்துட்டேன்."

"இங்க எதுக்கும்மா வந்த?" கிளாரினுக்கு மூச்சு வாங்கியது.

"எங்கம்மா இங்கதான் வந்து என்னக் கூட்டிட்டுப் போவாங்கன்னு ஈனிட் அம்மா சொன்னாங்க. அன்னிக்கு அவங்களுக்கு டூட்டி முடிய லேட்டாயிருக்கும். அதுக்குள்ள நீங்க கூட்டிட்டுப் போயிட்டீங்க. அவங்க வந்து தேடிட்டுப் போயிருப்பாங்க இல்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாசமும் இந்தப் பிள்ளை கிளாரினை வெறுக்கவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. நல்ல மனசுள்ள ஒரு ஆன்ட்டி வீட்டில், அம்மா வருகிற வரைக்கும், மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அடி பைத்தியமே என்று நான் வாயைத் திறந்தேன். கிளாரின் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

மார்வா கோட்டுப் பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினாள். சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்தனுப்பிய அதே படம், முத்தம் கொடுத்துக் கொடுத்து நடுவில் வெளுத்திருந்தது.

"இவங்கதான். பல்லு நடுவுல சந்து இருக்கு, பாத்தீங்களா? எனக்கும் இருக்கு." ஈயென்று பல்லைக் காட்டினாள். "இத வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்னு ஈனிட் அம்மா சொல்லியிருக்காங்க. சீருடை போட்டவங்க எல்லாரும் அம்மா இல்லன்னு அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

கிளாரினின் கை தானாக வாயை மூடியது. எடுத்த பிரதியையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டதால் அந்தப் படத்தை அவளே எத்தனையோ வருஷமாகப் பார்த்ததில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். யாரோ ஒரு சின்னப் பெண். கன்னத்தில் சதை, கண்ணில் திமிர், உலகத்தையே வாங்கிவிடப் போகிற சிரிப்பு. பக்கத்தில் நிற்கிற இந்த ஒட்டிய முகத்தோடு வைத்துப் பார்த்தால், கூடவே இருந்த நானே சத்தியம் பண்ணத் தயங்குவேன்.

கிளாரின் பெஞ்சில் உட்கார்ந்தாள். வாயிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள்.

"நானும் இவளத்தாம்மா தேடிக்கிட்டிருக்கேன். ரொம்ப நாளா."

"உங்களுக்கு அவங்களத் தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியும். நல்லா சீட்டியடிப்பா."

மார்வாவின் முகம் மலர்ந்தது. ஈனிட் அம்மாவும் அதையேதான் சொன்னார்கள் என்றாள். பெட்டியைக் கீழே இறக்கிவிட்டு, கிளாரினுக்கு வசதியாக நகர்ந்து உட்கார்ந்து, முதல் தடவையாக அவள் மேல் சாய்ந்துகொண்டாள்.

"அடுத்த ரயில் வர்றப்ப நீங்க அந்தப் பக்கத்து வாசலப் பாருங்க ஆன்ட்டி. நான் இந்தப் பக்கம் பாத்துக்கறேன்."

ரயில் வந்தது. கூட்டம் இறங்கி எங்களைத் தாண்டிப் போனது. கடைசி ஆள் போகிற வரைக்கும் கிளாரின் அந்தப் பக்கத்து வாசலையே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.